ஓடுகின்ற எஞ்சினுக்குத்தான் பராமரிப்பு: உச்சமுனைப் படகு தரும் வியாபாரப் பாடம்

உங்கள் வியாபாரத்தின் முதல் எது என்று கேட்டால் பணம், சரக்கு, கடை, நல்ல பெயர் என்று வரிசையாகச் சொல்வோம். அந்தச் சரக்கை ஏற்றி இறக்கும் எஞ்சினை முதலாக எண்ணுபவர்கள் மிகக் குறைவு. நின்று போன நாளில்தான் அதுவும் முதல்தான் என்பது புரிகிறது. சரக்கு இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறார், ஆனால் கொண்டு சேர்க்க வழியில்லை. அன்றைய வியாபாரம் அத்தோடு முடிந்தது.

நான் கற்பிட்டிப் பக்கம் உதிரிப்பாக வியாபாரம் செய்பவன். எனது கடைக்கு வருபவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பில்டரும் ஒயிலும் வாங்க வருபவர்கள் ஒரு வகை. எஞ்சின் நின்ற பிறகு பிஸ்டனும் ரிங்கும் தேடி ஓடி வருபவர்கள் மற்ற வகை. முதல் வகையினர் சில ஆயிரங்களோடு போய்விடுவார்கள். இரண்டாம் வகையினர்தான் எனக்குப் பெரிய பில் தருபவர்கள். ஆனாலும் நமது வர்த்தக சகோதரர்கள் அனைவரும் முதல் வகையில் இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

ஏன் உச்சமுனை?

உச்சமுனை கற்பிட்டித் தீவுகளில் ஒன்று. பாலம் கிடையாது. கற்பிட்டியிலிருந்து படகில்தான் போக வேண்டும். அரிசி, மா, குடிநீர், ஐஸ், எரிபொருள் எல்லாம் படகில் போகின்றன. மீனும் கருவாடும் படகில் வருகின்றன. நோயாளியும் படகில்தான் வர வேண்டும். ஆகவே அங்கே போட் எஞ்சின் என்பது லொறி, பஸ், அம்புலன்ஸ் மூன்றும் சேர்ந்த ஒன்று.

தரையில் லொறி நின்றால் ஓரமாகத் தள்ளிவிட்டு மெக்கானிக்கை அழைக்கலாம். கடலில் எஞ்சின் நின்றால் ஓரம் என்று ஒன்று இல்லை. களப்புக்குள் என்றால் இன்னொரு படகு வந்து இழுக்கும். மேற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் திறந்த கடலில் என்றால் காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம்தான் போக வேண்டும். அங்கே நட்டம் ஐஸ் உருகுவதோடும் மீன் கெடுவதோடும் நிற்காது, உயிரும் போகலாம். அதனால்தான் எஞ்சின் பராமரிப்பைப் பற்றிப் பேச உச்சமுனைப் படகை எடுத்துக்கொண்டேன். அந்தப் படகுக்குப் பொருந்தும் பாடம் உங்கள் லொறிக்கும், முச்சக்கர வண்டிக்கும், தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புக்கும் பொருந்தும்.

எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது?

பராமரிப்பு ஏன் தேவை என்று புரிய வேண்டுமானால் எஞ்சினுக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

எரிபொருள் எரியும்போது சிலிண்டருக்குள் வெப்பம் 2000 பாகை செல்சியசைத் தாண்டுகிறது. பிஸ்டன் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும். அப்படியானால் பிஸ்டன் ஏன் உருகுவதில்லை? ஒரு பக்கம் தண்ணீரும் காற்றும் வெப்பத்தை விடாமல் வெளியே கொண்டு போகின்றன. மறுபக்கம் மெல்லிய ஒயில் படலம் ஒன்று பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே நின்று உராய்வைத் தடுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலமும் அந்தத் தண்ணீர் ஓட்டமும்தான் எஞ்சினின் ஆயுள்.

போட் எஞ்சின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 5000 சுற்று அளவில் சுற்றும். ஒரு மணித்தியாலத்தில் 3 இலட்சம் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒரு தடவை மேலே போய்க் கீழே வருகிறது. ஒரு தடவையில் தேய்வது ஒன்றுமே இல்லைதான். ஆனால் ஒயில் படலம் பலவீனமாக இருந்தால் அந்த ஒன்றுமில்லாத தேய்வு 3 இலட்சத்தால் பெருகுகிறது. எஞ்சின் ஒரே நாளில் கெடுவதில்லை. பல மாதங்களாகக் கெட்டு, ஒரு நாள் நிற்கிறது. அதனால், "நேற்று வரைக்கும் நல்லா ஓடினதே!" என்று நாம் சொல்வதில் பொருளில்லை.

படகு எஞ்சினின் மூன்று எதிரிகள்

1. உப்பு

கடல் நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. புத்தளம் களப்பில் வரட்சிக் காலத்தில் சில இடங்களில் உப்பு அதைவிடக் கூடும். புத்தளத்தில் உப்பளம் நடப்பதும் இந்தத் தன்மையால்தான். போட் எஞ்சின் தன்னைக் குளிர வைக்க இந்தத் தண்ணீரையே உறிஞ்சுகிறது. எஞ்சினை நிறுத்தியதும் உள்ளே எஞ்சிய தண்ணீர் காய்ந்து உப்புக் கட்டியாகிறது. நாளுக்கு நாள் அது படிந்து தண்ணீர்ப் பாதையை அடைக்கிறது. பாதை அடைபட்டால் வெப்பம் வெளியேறாது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

இதற்கு மருந்து நல்ல தண்ணீர். எஞ்சினை ஒரு பீப்பாவில் இறக்கி, தண்ணீர் உறிஞ்சும் வாய் நன்றாக மூழ்கும் அளவு நல்ல தண்ணீர் விட்டு, காற்றாடியைக் கழற்றி, கியர் போடாமல் 5 முதல் 10 நிமிடம் மெதுவாக ஓட விட வேண்டும். தீவில் நல்ல தண்ணீர் அருமையானது என்பது எனக்குத் தெரியும். குடிக்கவே தண்ணீர் கொண்டு போகும் இடத்தில் எஞ்சினைக் கழுவச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். மழைத் தண்ணீரைப் பீப்பாவில் பிடித்து வைக்கலாம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பொதுப் பீப்பா வைத்து, தண்ணீர் உவர்க்கத் தொடங்கும் வரை மாறி மாறிப் பாவிக்கலாம். தினமும் முடியாவிட்டால், கற்பிட்டிக்கு வரும் நாளிலாவது செய்யலாம். ஒன்றும் செய்யாமல் இருப்பதை விட அது எவ்வளவோ மேல்.

எஞ்சினின் கீழ்ப் பகுதியில் ஒரு சின்ன நாகத் துண்டு பொருத்தியிருப்பார்கள். உப்பு நீர் அலுமினியத்தை அரிப்பதற்குப் பதிலாக அந்த நாகத்தை அரிக்க வேண்டும் என்பதற்காக அதை வைத்திருக்கிறார்கள். பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். அழகுக்காக அதன் மேல் பெயின்ட் பூசினால் அது வேலை செய்யாது.

2. மணல்

களப்பு ஆழம் குறைந்தது. கரை தட்டும்போது எஞ்சின் தண்ணீரோடு மணலையும் உறிஞ்சுகிறது. உள்ளே தண்ணீரைத் தள்ளும் றப்பர் இம்பெலர் மணலால் தேயும். தண்ணீர் இல்லாமல் சில வினாடிகள் ஓடினாலே அந்த றப்பர் கருகத் தொடங்கும். எனவே கரையில் வைத்து, "சும்மா ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பம்" என்று இழுப்பதை விட்டுவிடுங்கள்.

எஞ்சினின் பின்னால் சிறு தாரையாகத் தண்ணீர் வெளியே பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் எஞ்சினின் நாடி. புறப்பட்டதும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். தாரை மெலிந்தால் அல்லது நின்றால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். கரை வரை சமாளிப்போம் என்று ஓட்டினால் ஒரு சின்னச் சாமானுக்காக முழு எஞ்சினையும் இழக்க நேரிடும்.

காற்றாடியின் அடியில் வலை நூலும் தூண்டில் நரம்பும் சுற்றிக்கொள்வது இன்னொரு தொல்லை. அந்த நூல் அங்குள்ள சீலை அறுத்துவிடும். சீல் போனால் கியர் பெட்டிக்குள் கடல் நீர் புகும். கியர் ஒயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். பொதுவாக 100 மணித்தியால ஓட்டத்துக்கு ஒரு தடவை கியர் ஒயிலை மாற்ற வேண்டும். புது எஞ்சினுக்கு முதல் 10 மணித்தியாலத்திலேயே ஒரு தடவை மாற்ற வேண்டும்.

3. மண்ணெண்ணெயும் தவறான ஒயிலும்

நமது கரையில் பல எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. அவற்றைப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். காபரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கினால் அடுத்த நாள் ஸ்டார்ட் ஆகாது, பிளக் நனையும், கரி படியும். கரி கூடினால் பிஸ்டன் ரிங் அதன் இடத்தில் ஒட்டிக்கொண்டு இழுவை குறையும். ஒரு சொட்டுப் பெற்றோலை மிச்சம் பிடிக்கப் போய் எஞ்சினைக் கரியாக்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவானது நினைவிருக்கும். அதன் பிறகு கணக்கு மாறிவிட்டது. கரி பிடித்த எஞ்சின் அதே தூரத்துக்குக் கூடுதலாகக் குடிக்கும். முன்பு அந்தக் கூடுதலை யாரும் கவனிக்கவில்லை, இப்போது ஒவ்வொரு பயணத்திலும் அது பையைக் கடிக்கிறது.

எரிபொருளில் ஒயில் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனியாக ஒயில் தொட்டி கிடையாது. எரிபொருளோடு கலக்கும் ஒயில்தான் அதன் ஒரே பாதுகாப்பு. 50க்கு 1 என்று கையேடு சொன்னால் 20 லீற்றருக்கு 400 மில்லிலீற்றர். அளந்து ஊற்ற வேண்டும். கண் மட்டத்தில் ஊற்றினால், குறைந்தால் பிஸ்டன் பிடிக்கும், கூடினால் கரி படியும். மோட்டார் சைக்கிள் ஒயில் மலிவு என்று போட் எஞ்சினுக்கு ஊற்றாதீர்கள். தண்ணீரால் குளிரும் படகு எஞ்சின்களுக்கென்றே டிசி-டபிள்யூ3 என்ற தரம் இருக்கிறது. போத்தலில் அந்த எழுத்துகளைப் பார்த்து வாங்குங்கள்.

லொறிக்கும் அதே சட்டம்

உச்சமுனையிலிருந்து வந்த மீன் கற்பிட்டியில் லொறி ஏறி, பேலியகொடைச் சந்தைக்குப் போக 160 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். விடியச் சந்தை கூடும் நேரத்துக்குப் போய்ச் சேராத மீனுக்கு விலையில்லை. லொறி வைத்திருப்பவர்கள் மனதில் வைக்க வேண்டியவை நாலு.

முதலாவது ஒயில். ஒயில் வழுக்கலுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். அது எஞ்சினைக் குளிர வைக்கிறது, கரியைக் கழுவி எடுக்கிறது, எரிபொருளால் உண்டாகும் அமிலத்தை முறிக்கிறது, துருவைத் தடுக்கிறது. இந்த வேலைகளுக்காகச் சேர்த்திருக்கும் மருந்துகள் ஓட ஓடத் தீர்ந்துவிடுகின்றன. "குறையிற நேரம் ஊத்திக்கொண்டுதானே இருக்கிறன் நானா, ஏன் மாத்த வேணும்?" என்று ஓட்டுநர்கள் கேட்பதுண்டு. மேலே ஊற்றுவது அளவைச் சரி செய்யும். கீழே சேர்ந்த கசடும் அமிலமும் அப்படியே இருக்கும். டீசல் எஞ்சினில் புது ஒயிலும் சீக்கிரம் கறுத்துவிடும். அது கரியைக் கழுவுகிறது என்பதற்கான அடையாளம்தான். ஆகவே நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், கையேட்டில் உள்ள கிலோமீற்றரைப் பார்த்து மாற்றுங்கள். ஒயிலோடு பில்டரையும் மாற்றுங்கள்.

இரண்டாவது காற்று. ஒரு லீற்றர் டீசல் எரிய 10,000 லீற்றருக்குக் குறையாத காற்று வேண்டும். மணல் பாதையில் ஓடும் நமது வாகனங்கள் அந்தக் காற்றோடு எவ்வளவு தூசியை இழுக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காற்று பில்டர் கிழிந்திருந்தால் அந்தத் தூசி சிலிண்டரை அரத்தாள் போலத் தேய்க்கும்.

மூன்றாவது ரேடியேட்டர். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர். அதை ஊற்றினால் கேத்தலின் அடியில் பிடிப்பது போல உள்ளே படிவு பிடிக்கும், துருவும் ஏறும். குளிர்விக்கும் திரவத்தைக் காய்ச்சி வடித்த தண்ணீரோடு உரிய அளவில் கலந்து ஊற்றுங்கள். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள்.

நாலாவது எரிபொருள். டீசலில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டும் பழக்கம் மண்ணெண்ணெய் மலிவாக இருந்த காலத்தில் பலரிடம் இருந்தது. டீசல் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசல்தான் வழுக்கல் தருகிறது. மண்ணெண்ணெய்க்கு அந்தத் தன்மை குறைவு. மிச்சம் பிடித்தது பம்பில் போய்விடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வியாபாரிக்கு எதையும் எண்ணில் சொன்னால்தான் மனதில் நிற்கும். கீழே உள்ளவை உதாரணத்துக்காக நான் போட்ட எண்கள். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

ஓர் எஞ்சின் 6 இலட்சம் ரூபா என்று வைப்போம். வருடத்துக்கு 250 நாள் தொழில். கவனிக்காமல் விட்டால் 4 வருடம், அதாவது 1000 நாள் உழைக்கிறது. ஒரு நாளுக்கு எஞ்சின் செலவு 600 ரூபா. ஒழுங்காகக் கவனித்தால் 8 வருடம், 2000 நாள். ஒரு நாளுக்கு 300 ரூபா. பராமரிப்புக்கு வருடம் 40,000 ரூபா செலவழித்தால் நாளுக்கு 160 ரூபா. மொத்தம் 460 ரூபா. நாளுக்கு 140 ரூபா மிச்சம், வருடத்துக்கு 35,000 ரூபா.

இது பெரிய தொகையா என்று கேட்கலாம். உண்மையான மிச்சம் இதற்குள் வரவில்லை. எஞ்சின் நின்று வருடத்தில் 10 நாள் தொழில் போனால், நாளுக்கு 5000 ரூபா வருமானம் என்றாலும் 50,000 ரூபா போய்விட்டது. கெட்ட மீன், அவசரத்துக்குக் கேட்ட விலை கொடுத்து வாங்கிய சாமான், இன்னொருவரிடம் போய்விட்ட வாடிக்கையாளர் எல்லாம் அதற்கு மேல். எனவே பராமரிப்பின் முதல் இலாபம் எஞ்சின் நெடுநாள் வாழ்வதில் இல்லை, நாம் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்வதில் இருக்கிறது.

இன்னொன்று. 2020 மார்ச்சில் நமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருடம். இருந்த எஞ்சினைப் பேணியவர்கள் அந்தக் காலத்தைக் கடந்தார்கள். பழுதானால் புதிது எடுக்கலாம் என்று இருந்தவர்களுக்கு எடுக்கப் புதிது இருக்கவில்லை.

எவ்வளவு தூரம் ஓடும்?

அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்தைச் சேர்ந்த இர்வ் கோர்டன் என்ற விஞ்ஞான ஆசிரியர் 1966இல் ஒரு வொல்வோ காரை வாங்கினார். 2013இல் அதே கார் 30 இலட்சம் மைல் ஓடி முடித்தது. நமது கணக்கில் 48 இலட்சம் கிலோமீற்றர். அவரிடம் இரகசியம் ஒன்றும் இருக்கவில்லை. கையேடு சொன்னபடி உரிய நேரத்தில் ஒயில் மாற்றினார், சின்னச் சத்தத்தையும் உடனே கவனித்தார். கிரேக்க நாட்டு டாக்சி ஓட்டுநர் கிரிகோரியோஸ் சச்சினிடிஸின் 1976ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 46 இலட்சம் கிலோமீற்றர் ஓடி, 2004இல் அந்தக் கம்பனியின் நூதனசாலைக்குப் போனது. அவர் எஞ்சின்களை மாற்றி மாற்றிப் பூட்டி ஓட்டினார், ஒன்றைக் கழற்றினால் அதைச் செப்பனிட்டுத் தயாராக வைத்தார். பராமரித்தால் எஞ்சின் தேயாது என்று நான் சொல்லவில்லை. எப்போது தேயும் என்பதை நாம் முன்கூட்டியே அறிந்து, நமக்கு வசதியான நாளில் பிரிக்கலாம். கவனிக்காவிட்டால் அந்த நாளை எஞ்சின் தீர்மானிக்கும்.

யாருடைய வேலை?

ஜப்பானில் வாகன உதிரிப்பாகம் செய்யும் நிப்பொன்டென்சோ கம்பனி 1971இல் பராமரிப்புக்கான விருது பெற்றது. அவர்கள் செய்த மாற்றம் எளிமையானது. இயந்திரத்தைத் துடைப்பது, கிரீஸ் வைப்பது, நட்டு இறுக்குவது, புதிய சத்தத்தைக் கவனிப்பது ஆகியவற்றை அதை இயக்குபவரிடமே ஒப்படைத்தார்கள். பெரிய வேலைகள் மட்டும் மெக்கானிக்கிடம் போயின.

நமக்கும் அதுதான் வழி. மெக்கானிக் பாஸ் உங்கள் எஞ்சினை மாதத்தில் ஒரு தடவை பார்ப்பார். ஓட்டுபவர் தினமும் அதன் மேல் இருக்கிறார். ஆனால் ஓட்டுபவர் "முதலாளி, சத்தம் மாறியிருக்கு" என்று சொல்லும்போது, "இந்த ஒரு ட்ரிப்ப முடிச்சிட்டு வா, பார்ப்பம்" என்று சொல்லும் முதலாளியிடம் அவர் அடுத்த தடவை சொல்ல மாட்டார். வாகனத்தில் ஏறுபவர்களின் உயிரும், அனுப்பியவர்களின் சரக்கும் நம் கையில் உள்ள அமானிதம். அந்தச் சத்தத்தைக் கேட்டு நிறுத்துவது முதலாளியின் கடமை.

இந்த வாரமே தொடங்க

1. ஒரு சாதாரணக் கொப்பி வாங்குங்கள். படகுக்கு மணித்தியாலம், லொறிக்குக் கிலோமீற்றர் என்று தினமும் எழுதச் சொல்லுங்கள். எண் இல்லாமல் பராமரிப்பு இல்லை.

2. கையேட்டைப் பார்த்து, அடுத்த ஒயில், பில்டர், பிளக், இம்பெலர் மாற்றும் எண்களைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். கையேடு இல்லையென்றால் விற்ற இடத்தில் கேட்டுப் பிரதி எடுங்கள்.

3. ஒவ்வொரு பயணத்திலும் வரும் பணத்தில் ஒரு சிறு தொகையை எஞ்சினுக்கென்று தனியாக வையுங்கள். மேலே உள்ள கணக்கில் அது நாளுக்கு 160 ரூபா. வீட்டுச் செலவோடு கலக்காதீர்கள்.

4. வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகாதவர்கள் காலையில் ஒரு மணித்தியாலத்தை எஞ்சினுக்குக் கொடுங்கள். கழுவுதல், கிரீஸ், காற்றாடியில் நூல் பார்த்தல், எரிபொருள் பில்டரில் தண்ணீர் பார்த்தல் எல்லாம் ஜும்ஆவுக்கு முன் முடிந்துவிடும்.

5. படகில் ஒரு பெட்டியில் இரண்டு பிளக், பிளக் சாவி, ஓர் இம்பெலர், இழுக்கும் கயிறு ஆகியவற்றை எப்போதும் வையுங்கள்.

6. மாற்றிய சாமானின் பில்லைக் கொப்பியில் ஒட்டுங்கள். நாளை விற்கும்போது, எண்ணோடும் பில்லோடும் உள்ள எஞ்சினுக்கு வாங்குபவர் தயங்காமல் விலை தருவார். நீங்கள் பழைய எஞ்சின் வாங்கப் போனாலும் முதலில் அந்தக் கொப்பியைக் கேளுங்கள்.

கடையின் பேரேட்டை நாம் எவரும் நாள் தவறி எழுதுவதில்லை. எஞ்சினின் கொப்பியும் அந்தப் பேரேட்டின் ஒரு பக்கம்தான். அதை எழுதத் தொடங்கிய ஆறு மாதத்தில், எந்தச் செலவு எந்த மாதம் வரும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அதன் பிறகு எனது கடைக்கு நீங்கள் அவசரமாக ஓடி வர வேண்டியிருக்காது.